பூஜையறைச் சங்கும் ஏற்காட்டுச் சபையும்

கேள்வி: என் மாமனார் லாரி ஓட்டியவர். தூத்துக்குடிக்கு லோடு போய்வந்த நாட்களில், சங்கு குளிக்கும் ஒருவர் கொடுத்தார் என்று ஒரு வலம்புரிச் சங்கைக் கொண்டுவந்தார். செவ்வாய்ப்பேட்டையில் கொடுத்து வெள்ளிப் பூண் போட்டு பூஜையறையில் வைத்தோம். மறுவருடம் மாமா மாரடைப்பில் போய்விட்டார். அதே வருடம் கொழுந்தனார் ஏற்காடு மலைப்பாதையில் பைக் விபத்தில் இறந்தார். போன தை மாதம் எனக்குப் பத்து வாரக் கரு கலைந்தது. அத்தை இப்போது ஏற்காட்டில் ஓர் எஸ்டேட் பங்களாவில் ஞாயிறுதோறும் கூடும் சபைக்குப் போகிறார். சங்கு கடலம்மாவுக்குச் சொந்தம், அதில் சாபம் இருக்கிறது, காதில் வைத்தால் அழுகுரல் கேட்கிறது என்கிறார்கள். பரிகாரம் என்று இதுவரை 60,000 ரூபாய் வாங்கிவிட்டார்கள். ஆடி அமாவாசைக்குள் சங்கைச் சபையில் ஒப்படைக்க வேண்டுமாம். தராவிட்டால் சபையை நடத்தும் ஐயா, தான் போட்டு வைத்திருக்கும் மந்திரக் கட்டை அவிழ்த்து, கடலம்மாவின் கோபத்தை எங்கள் மேல் ஏவிவிடுவாராம். 'கொடுத்துத் தொலைக்கலாம்' என்கிறார் என் கணவர். கொடுக்கலாமா, கடலில் போட்டுவிடலாமா? தீட்டு நாளில் நான் அந்தச் சங்கைத் தொட்டதுதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்றும் சொல்கிறார்கள்.
- பெயர் வேண்டாம், அம்மாபேட்டை, சேலம்

பதில்: அன்புத் தங்கைக்கு,

சங்கைப் பற்றி அப்புறம் பேசலாம். கடிதத்தின் கடைசியில் ஒரே வரியில் எழுதி முடித்துவிட்டீர்களே, அதிலிருந்து தொடங்குகிறேன். நீங்கள் எதைத் தொட்டதாலும் உங்கள் கரு கலையவில்லை. உறுதியான கர்ப்பங்களில் நூற்றுக்கு 10 முதல் 20 வரை தானாகவே கலைந்துபோகின்றன. பெரும்பாலும் முதல் 12 வாரங்களுக்குள்ளேயே இது நடக்கிறது. அவற்றில் பாதிக்காவது காரணம், கரு உருவாகும்போதே குரோமோசோம்களில் நேர்ந்துவிடும் பிழை. எந்தத் தாயாலும் அதைத் தடுத்திருக்க முடியாது. குழந்தையை இழந்து ஒரு வருடம்கூட ஆகாத பெண்ணிடம் 'உன்னால்தான்' என்று சொல்ல ஒருவருக்கு மனம் வருகிறதென்றால், அவர் எந்தத் தெய்வத்தின் பெயரைச் சொன்னாலும் நான் நம்ப மாட்டேன். இதைப் படித்தபோது வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை.

சரி, சங்குக்கு வருவோம். நம் பக்கம் சங்கைக் கண்டு சிலர் பயப்படுவது எனக்குத் தெரியும். சாவு வீட்டில் ஊதுவதுதான் அதற்குக் காரணம். ஆனால் நம் வீடுகளில் பச்சைக் குழந்தைக்குப் பால் புகட்டியதும் சங்கில்தான். கார்த்திகைச் சோமவாரத்தில் சிவன் கோயில்களில் 108, 1008 என்று சங்குகளை அடுக்கி அபிஷேகம் செய்கிறார்களே, அதில் நடுவில் வைப்பதற்கு வலம்புரி கிடைக்காதா என்று ஏங்குவார்கள். மழை முழங்குவதற்கே வலம்புரியை உவமை சொன்னாள் ஆண்டாள். இதைச் சாபப் பொருள் என்று நம் மரபில் யாரும் தள்ளி வைத்ததில்லை. நான் சொல்வதைவிட ஒரு குருக்கள் சொன்னால் அத்தைக்கு மனம் ஆறும். சுகவனேஸ்வரர் கோயிலுக்கு அவரை அழைத்துப்போய், சந்நிதியில் இருப்பவரிடம் அவர் வாயாலேயே கேட்கச் சொல்லுங்கள்.

சங்கு என்பது மன்னார் வளைகுடாப் பக்கம் கடலடி மணலில் புழுக்களைத் தின்று வாழும் ஒரு பெரிய நத்தையின் கூடு. சுருள் முனை மேலே, வாய் உங்களைப் பார்க்கும்படி பிடித்தால், சாதாரணச் சங்குக்குத் திறப்பு வலப்பக்கம் இருக்கும். எப்போதாவது ஒன்று கருவிலேயே திசை மாறிச் சுருண்டுவிடும். அதற்குத் திறப்பு இடப்பக்கம். அதுதான் வலம்புரி. மிக அபூர்வம் என்பதால்தான் அதற்கு அவ்வளவு விலை. அதனால் போலியும் ஏராளம். அமெரிக்காவின் அட்லாண்டிக் கரையிலும் மெக்சிகோ வளைகுடாவிலும் இயல்பாகவே அந்தத் திசையில் சுருளும் வேறொரு நத்தை இருக்கிறது. டெக்சாஸ் மாநிலம் 1987இல் அதைத் தன் மாநிலச் சின்னங்களில் ஒன்றாக்கியது. அதன் கூட்டைத்தான் பல இடங்களில் வலம்புரி என்று விற்கிறார்கள். வாய்க்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். நம் கடல் சங்கு என்றால் நடுத்தண்டின் மேல் மூன்று நான்கு மடிப்புகள் வரிவரியாகத் தெரியும். அமெரிக்கக் கூட்டில் தண்டு வழவழவென்று இருக்கும். சந்தேகமாக இருந்தால் விலங்கியல் துறை உள்ள ஏதாவது ஒரு கல்லூரிக்கு எடுத்துப்போய்க் காட்டுங்கள். போலியாகவே இருந்தாலும் மாமா உங்களை ஏமாற்றியதாக ஆகாது. அவர் ஆசையாகக் கொண்டுவந்தது அது, அவ்வளவுதான்.

அழுகுரல் விஷயம். ஒரு வெறும் சொம்பைக் காதோரம் வைத்துப் பாருங்கள், அதே இரைச்சல் கேட்கும். சுற்றியிருக்கும் சின்னச் சின்ன ஓசைகள் கூட்டின் வளைவுக்குள் எதிரொலித்துப் பெருகுவதுதான் அது. இதை அத்தையிடம் வாதமாக வைக்காதீர்கள். பிள்ளையைப் பறிகொடுத்த தாய்க்கு எந்த இரைச்சலிலும் அழுகை கேட்கும்.

ஆபத்தான பொருள் என்று சொல்பவர்கள் அதற்காகத் தேதி குறித்துக்கொண்டு காத்திருப்பதைக் கவனித்தீர்களா? இரிடியம், அரிசியை இழுக்கும் கலசம் என்றெல்லாம் சொல்லிப் பணம் பறித்து நம் மாநிலத்தில் எத்தனையோ பேர் கைதாகியிருக்கிறார்கள். அபூர்வப் பொருள், அதில் ஒரு சக்தி, அதை அடக்கத் தெரிந்த ஒருவர், நடுவில் கொஞ்சம் கொஞ்சமாகப் பணம். எல்லாவற்றிலும் இதே கதைதான். இந்தச் சபையினரின் மனதில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. உண்மையாகவே நம்புகிறவர்கள்கூட அங்கே இருக்கலாம். ஆனாலும் சங்கு வேண்டும், பணமும் வேண்டும், பயத்தையும் விடமாட்டோம் என்பவர்களிடம் எதையும் கொடுக்கக் கூடாது. கடலிலும் போடாதீர்கள். போட்டுவிட்டால் சாபம் இருந்தது என்று நீங்களே ஒப்புக்கொண்டதாகிவிடும். அடுத்து வீட்டில் ஒரு காய்ச்சல் வந்தாலும், சபையில் தராமல் தூக்கிப் போட்டதால்தான் என்பார்கள்.

இப்போதைக்குச் சங்கைப் போட்டோ எடுத்து, எடை பார்த்துக் குறித்து, கணவர் பெயரில் உள்ள வங்கி லாக்கரில் வையுங்கள். அத்தையிடம் மறைக்க வேண்டாம், சொல்லிவிட்டே வையுங்கள். கொடுத்த 60,000 ரூபாய்க்குத் தேதி, தொகை, யார் கையில், எந்த எண்ணுக்கு ஜிபே என்று எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். வாட்ஸ்அப்பில் வந்த குரல் பதிவுகளை அழித்துவிடாதீர்கள்.

இனி, அத்தை. நான் அதிகம் கவலைப்படுவது அவரைப் பற்றித்தான். ஒரே வருடத்தில் கணவரும் இளைய மகனும் போய்விட்டார்கள். உங்கள் வீட்டில் கொழுந்தனாரின் பெயரைக் கடைசியாக எப்போது சத்தமாகச் சொன்னீர்கள்? பல வீடுகளில் இப்படித்தான். அழுதுவிடுவார் என்று பயந்து எல்லோரும் பேச்சை மாற்றுவார்கள். அந்த பங்களாவில் அவரை உட்காரவைத்து, மகனைப் பற்றிக் கேட்டு, அழவிட்டு, ஒரு வாய் சோறும் போட்டிருப்பார்கள். அதனால்தான் இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி, மகன் போன அதே பாதையில், வாராவாரம் போகிறார். 'அங்கே போகாதீர்கள்' என்று தடுத்தால் அவருக்கு இருக்கிற ஒரே இடத்தையும் நீங்கள் பறித்ததாக ஆகும்.

ஆகவே இதில் முக்கியமான வேலை உங்கள் கணவருக்குத்தான். கொடுத்துத் தொலைக்கலாம் என்று அவர் சொல்வதை அலட்சியமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அப்பாவையும் தம்பியையும் இழந்தவர் அவரும்தானே, அவருக்கும் அந்தச் சங்கைப் பார்க்கத் தாங்கவில்லையோ என்னவோ. இந்த ஞாயிறு அவர் அம்மாவோடு வீட்டிலேயே உட்காரட்டும். தம்பியின் போட்டோக்களை எடுத்து வைத்துக்கொண்டு பேசட்டும். ஆடி அமாவாசையன்று மலை ஏறாமல் பவானி கூடுதுறைக்கு அழைத்துப்போங்கள். கூட்டம் நெரியும், அதிகாலையிலேயே கிளம்பிவிடுங்கள். மாமாவுக்கும் கொழுந்தனாருக்கும் அங்கே தர்ப்பணம் கொடுத்து, வீட்டுக்கு வந்து அவர்களுக்குப் பிடித்ததைச் சமைத்துப் படையல் வையுங்கள். செத்தவர்களுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்ற தவிப்பு அத்தைக்கு இருக்கிறது. அதை அவர் கையாலேயே, யாருக்கும் பணம் கட்டாமல், செய்யட்டும். ஒரு நாளில் மாறிவிட மாட்டார். மறு ஞாயிறே மலைக்குக் கிளம்பினாலும் சண்டை போடாதீர்கள், கணவர் கூடவே போய்வரட்டும். தூங்காமல், சாப்பிடாமல் இருக்கிறார் என்றால் மனநல மருத்துவரிடம் காட்டுங்கள்.

மிரட்டல் விஷயத்தில் மட்டும் பொறுமை வேண்டாம். நான் சொல்வதைச் செய்யாவிட்டால் தெய்வ கோபத்துக்கு ஆளாக்கிவிடுவேன் என்று நம்பவைத்து ஒருவரை ஒரு காரியம் செய்யவைப்பது 1860ஆம் ஆண்டு இந்திய தண்டனைச் சட்டத்திலிருந்தே குற்றம். அதற்குப் பதிலாக 2024 ஜூலை முதல் அமலில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 354ஆவது பிரிவு. ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். ஏமாற்றிப் பணம் வாங்கியதற்கு 318ஆவது பிரிவு தனியாக இருக்கிறது. ஐயா கட்டை அவிழ்ப்பார் என்று இன்னொரு முறை சொன்னால் அந்த நோட்டோடும் குரல் பதிவுகளோடும் கணவரும் நீங்களும் காவல் நிலையத்துக்குப் போங்கள். வீட்டு வாசலில் வந்து நின்றால் யோசிக்காமல் 112ஐ அழையுங்கள்.

சங்கு மறுபடி பூஜையறைக்கு வருவதா, கோயிலுக்குக் கொடுப்பதா என்பதை ஆறு மாதம் கழித்து அத்தையே முடிவு செய்யட்டும். அவர் கணவர் கொண்டுவந்த பொருள். அதுவரை உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்த குழந்தைக்குத் தயாராகும் முன் மகப்பேறு மருத்துவரை ஒருமுறை பாருங்கள். தனியாரிடம் செலவு அதிகம் என்றால் மோகன் குமாரமங்கலம் அரசு மருத்துவமனைக்கே போகலாம். கணவரையும் கூட்டிப்போங்கள். கரு ஏன் கலைகிறது என்பதை டாக்டர் வாயால் அவரும் கேட்கட்டும்.