கன்டெய்னர் மாற்றும்போது வரும் 502 பிழை
டாக்கர் கம்போஸில் (செயலிகளைக் கன்டெய்னர் என்ற தனித்தனிப் பெட்டிகளில் ஓட்டும் கருவி) புது இமேஜ் (செயலியின் புதிய பதிப்பு) ஏற்றும் ஒவ்வொரு முறையும் 20 நொடி 502 (பின்னாலுள்ள செயலியிடமிருந்து சரியான பதில் வரவில்லை என்னும் பிழை) வருகிறது என்கிறீர்கள். கோரிக்கைகளைச் செயலிக்கு அனுப்பிவைக்கும் என்ஜின்எக்ஸ் சர்வர் மேல் தவறில்லை. கம்போஸ் பழைய கன்டெய்னரை நிறுத்திவிட்டுத்தான் புதியதைத் தொடங்கும். சற்று நேரம் இரண்டையும் சேர்ந்து ஓடவிடுங்கள். பழையது 8080 போர்ட்டில் இருந்தால் புதியதற்கு 8081 கொடுங்கள். புதியது ஹெல்த்செக்கில் (சரியாக இயங்குகிறதா என்னும் சோதனை) தேறியதும் என்ஜின்எக்ஸ் அப்ஸ்ட்ரீமை (கோரிக்கைகள் போய்ச் சேரும் முகவரி) 8081-க்கு மாற்றி ரீலோட் செய்யுங்கள். ரீஸ்டார்ட் வேண்டவே வேண்டாம். ரீலோடில் என்ஜின்எக்ஸின் பழைய வொர்க்கர்கள் (கோரிக்கைகளைக் கையாளும் ப்ராசஸ்கள்) கையிலிருக்கும் கோரிக்கைகளை முடித்துவிட்டே விலகும்.

பழையதை நிறுத்தும்போது டாக்கர் சிக்டெர்ம் (முடித்துக்கொள் என்னும் சிக்னல்) அனுப்பி, வழக்கமாக 10 நொடி காத்திருந்துவிட்டுக் கொன்றுவிடும். நான் வெகுநாள் மாட்டிக்கொண்டது இங்கேதான்: செயலியை ஷெல் ஸ்கிரிப்ட் வழியாகத் தொடங்கியதால் சிக்னல் அதற்குப் போய்ச் சேரவே இல்லை. கடைசி வரியின் முன்னால் எக்ஸெக் (ஷெல்லின் இடத்தில் செயலியையே ஓடவைக்கும் கட்டளை) சேர்த்ததும் சரியானது.

டேட்டாபேஸில் ஏதாவது நெடுவரிசையை (column) நீக்குவதாக இருந்தால் அடுத்த ரிலீஸுக்குத் தள்ளுங்கள். பழைய பதிப்பு அதை இன்னும் படித்துக்கொண்டிருக்கும்.