சைன்ஃபெல்டில் குழி தெரியவில்லை என்றால்

அமெரிக்க நகைச்சுவைத் தொடரான சைன்ஃபெல்டைப் பார்க்கும்போது குழி தெரியாவிட்டால், உங்கள் டிவியில் கோளாறு இல்லை. 'தி பாட்ஹோல்' (8ஆம் சீசன், 1997) எபிசோடில் ஜார்ஜ் என்ற பாத்திரம் குனிந்து பார்க்கும் சாலைக்குழி, ஸ்ட்ரீமிங்கில் வரும் படத்திலேயே வெட்டுப்பட்டுவிட்டது. 2021இல் நெட்ஃபிளிக்ஸுக்கு வந்தபோதே ரசிகர்கள் இதே குழியைக் காட்டித்தான் கொதித்தார்கள்.

தொடரை 35 எம்எம் ஃபிலிமில் எடுத்து, 4:3 (பழைய டிவியின் அகல-உயர விகிதம்) சட்டத்துக்குள் அமைத்து ஒளிபரப்பினார்கள். எச்டிக்கு மாற்றும்போது இன்றைய அகலமான 16:9 திரையை நிரப்ப மேலும் கீழும் நறுக்கினார்கள். உயரத்தில் கால் பங்கு வரை போய்விடும். பக்கவாட்டில் கொஞ்சம் கூடுதலாகக் கிடைத்தது உண்மைதான், ஆனால் நகைச்சுவை தரையில் கிடக்கும்போது அதனால் என்ன பயன்?

சந்தேகம் இருந்தால் அதே காட்சியை மொபைலில் போட்டுப் பாருங்கள். அங்கேயும் குழி இல்லையென்றால் ஸ்ட்ரீமிங்கில் வரும் படமே அப்படித்தான். மொபைலில் தலை முழுதாகத் தெரிந்து டிவியில் மட்டும் நெற்றி வெட்டுப்பட்டால், பிக்சர் சைஸ் 'ஜூம்' நிலையில் இருக்கிறது. அதை 16:9க்கு மாற்றுங்கள்.

முழுச் சட்டமும் வேண்டுமென்றால் பழைய டிவிடி செட் ஒரு வழி, அது 4:3. இருபக்கமும் கறுப்புப் பட்டை வர வேண்டும். ஆட்கள் குண்டாகத் தெரிந்தால் டிவியை 4:3க்கு மாற்றுங்கள்.

வாங்குமுன் ஒன்று: டிவிடிகளுக்கு நாட்டுக்கு நாடு ரீஜன் எனும் பூட்டு உண்டு; அமெரிக்க டிவிடி ரீஜன் 1, என்டிஎஸ்சி (அமெரிக்க டிவி வடிவம்). இந்திய பிளேயர்கள் ரீஜன் 5. மல்டி-ரீஜன் பிளேயர் இல்லாமல் ஓடாது.