ஜெர்பில் கைக்கு வர மறுத்தால்

கோண்டாவிலிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். கொழும்பில் இருக்கும் தம்பி அவருடைய மகனுக்கென்று இரண்டு பெண் ஜெர்பில்களை (எலி போன்ற சிறு வளர்ப்புப் பிராணி) கொண்டுவந்து கொடுத்தாராம். அவற்றில் ஒன்று இறந்துவிட்டது. மற்றையது ஆறு கிழமைகளாகியும் கூட்டுக்குள் கையை விட்டதும் பின்கால்களால் நிலத்தை 'டக் டக்' என்று தட்டிவிட்டுப் புதைந்துகொள்கிறது. மகன் பொறுமையிழந்து ஒருமுறை வாலைப் பிடித்துத் தூக்க முயன்றிருக்கிறான். பக்கத்து வீட்டு அண்ணை துணைக்குத் தோட்டத்து வெள்ளெலி ஒன்றைப் பிடித்துத் தருவதாகச் சொல்கிறார். இதைக் கைக்குப் பழக்குவது எப்படி, துணை விடலாமா என்பவையே அவருடைய கேள்விகள்.

வாலிலிருந்து தொடங்குகிறேன், ஏனெனில் அதுதான் அவசரமானது. ஜெர்பிலின் வால் நுனியைப் பிடித்து இழுத்தால் அதன் தோல் உறைபோலக் கழன்று கையோடு வந்துவிடும். அது மீண்டும் வளராது. வெளியே தெரியும் எலும்பு காய்ந்து விழும், அல்லது மிருக வைத்தியர் வெட்டியெடுக்க வேண்டிவரும். இதை மகனுக்கு ஒரு தடவை அமைதியாக விளக்கிச் சொன்னால் போதும், பிள்ளைகள் இப்படிப்பட்ட விடயங்களை மறப்பதில்லை.

இனிப் பழக்குவதைப் பார்ப்போம். வீடுகளில் வளர்க்கப்படும் ஜெர்பில் மொங்கோலியாவினதும் வட சீனாவினதும் வரண்ட புல்வெளிகளைச் சேர்ந்தது. வளர்ந்த பின்பும் அதன் எடை ஏறத்தாழ நூறு கிராம்தான். முற்றத்தில் குஞ்சுகளோடு மேயும் கோழி பருந்தின் நிழலைக் கண்டதும் என்ன செய்கிறது என்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். மேலிருந்து இறங்கும் உங்கள் கையும் ஜெர்பிலுக்கு அந்த நிழல்தான், நீங்கள் கேட்ட 'டக் டக்' சத்தம் அது கொடுக்கும் அபாய அறிவிப்பு. ஆகவே கூட்டின் மேல்மூடியைத் திறந்து கையை இறக்குவதை இன்றோடு நிறுத்திவிட்டு, பக்கக் கதவு இருந்தால் அதன் வழியாகவும், மீன்தொட்டி போன்ற கண்ணாடிக் கூடாயின் ஒரு மூலையில் மெதுவாக இறக்கியும், உள்ளங்கை மேலே தெரிய நிலத்தோடு கையை வைத்து அசையாமல் இருங்கள். நாளுக்குப் பத்து நிமிடம், முடிந்தால் ஒரே நேரத்தில். அது விழித்திருக்கும் நேரமாகவும் இருக்க வேண்டும். உறங்குவதைத் தோண்டியெடுத்துப் பழக்க முயல்வது முந்திய நாட்களின் உழைப்பையும் கெடுத்துவிடும்.

அதற்கு முன் கையை நன்றாகக் கழுவுங்கள். மீன் வெட்டிய கையோ கச்சான் தின்ற கையோ உள்ளே போனால் ஜெர்பில் விரலைத் தீன் என்று எண்ணிக் கடித்துப் பார்க்கும். பலர் 'கடிக்கிற பிராணி' என்று சொல்வது பெரும்பாலும் இந்தத் தவறைத்தான்.

முதல் சில நாட்கள் ஒரு பூசணி விதையை விரல் நுனிக்கு அப்பால் வையுங்கள். பிறகு விரலின் மேல், பிறகு உள்ளங்கையில், கடைசியாக மணிக்கட்டருகில். தொடக்கத்தில் அது பின்கால்களை இருந்த இடத்திலேயே ஊன்றிக்கொண்டு, உடலை மட்டும் நீட்டி, மீசை துடிக்க வந்து, விதையைப் பறித்துக்கொண்டு ஓடும். அந்த நேரத்தில் தடவிப் பார்க்கும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள். ஒரு நாள் அது ஓடாமல், உங்கள் உள்ளங்கையிலேயே குந்தியிருந்து, முன்கைகள் இரண்டாலும் விதையைப் பிடித்துக் கொறிக்கும். அதன் பிறகுதான் இரு கைகளையும் கிண்ணம்போல் குவித்துத் தூக்க வேண்டும், அதுவும் நிலத்தில் இருந்தபடியே. உயரத்திலிருந்து குதிக்க ஜெர்பில் தயங்காது, ஆனால் விழுந்தால் கால் முறியும்.

வெளியே உலாவ விடக் குளியலறையைத்தான் நான் சொல்வேன். தரையை உலர்த்தி, தண்ணீர் வழியும் துவாரத்தை இறுக மூடி, கதவிடுக்கில் துணியைச் சுருட்டி வைத்துவிட்டு, கடதாசி மட்டைக் குழாய் ஒன்றைப் போட்டுக்கொண்டு மகன் நிலத்தில் சப்பாணி கட்டி உட்காரட்டும். அவன் துரத்தாமல் இருந்தால் அதுவே வந்து அவன் மடியில் ஏறும். புதிய இடத்தில் சில ஜெர்பில்களுக்கு வலிப்பு வருவதுண்டு: காதுகள் பின்னால் சாய, உடல் விறைத்து நடுங்கும். இது பரம்பரையாக வரும் இயல்பு. கூட்டில் விட்டு, வெளிச்சத்தையும் சத்தத்தையும் குறைத்தால் பெரும்பாலும் சில நிமிடங்களில் தெளியும். கோயில் திருவிழாவில் ஒலிபெருக்கியும் வெடியும் முழங்கும் நாட்களில் பழக்கத்தையே ஒத்திவையுங்கள்.

மாரி காலத்தில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஈரப்பதன் கூடினால் ஜெர்பிலின் மயிர் எண்ணெய் தடவியதுபோல் பிசுபிசுத்துக் குத்திட்டு நிற்கும், பிராணியும் சிடுசிடுப்பாகும். ஒரு சட்டியில் கழுவிக் காயவைத்த மணலை வைத்தால் புரண்டு தன்னைச் சுத்தம் செய்துகொள்ளும். உப்புள்ள கடற்கரை மணலை அப்படியே போட வேண்டாம்.

துணையைப் பொறுத்தவரை, தோட்டத்து வெள்ளெலி வேண்டவே வேண்டாம். அதுவும் ஜெர்பில் குடும்பத்தைச் சேர்ந்ததுதான் என்றாலும் இனம் வேறு, உருவத்திலும் பெரியது. இரண்டும் ஒருபோதும் ஒன்றாக வாழா. 2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் எலிக்காய்ச்சல் பரவியதை நாம் மறக்கவில்லை, காட்டு எலியை வீட்டுக்குள் கொண்டுவராதிருக்க அதுவே போதிய காரணம்.

ஜெர்பில் கூட்டமாக வாழும் பிராணி, எனவே துணை தேடுவது சரியே. ஆனால் அந்நிய வாசனையோடு வருவதை அது பகையாகவே கொள்ளும். நேரடியாக உள்ளே விட்டால் ஒன்று மற்றதைக் கொன்றுவிடலாம். எட்டுக் கிழமையளவான இளம் பெண் ஜெர்பிலாகத் தேடுங்கள், பாலினத்தை மிருக வைத்தியரிடம் காட்டி உறுதிசெய்யுங்கள். ஆணாக இருந்துவிட்டால், இணைசேர்ந்து ஏறத்தாழ 25 நாட்களில் கூடு நிறையக் குட்டிகள் இருக்கும். கூட்டின் நடுவே அடிமுதல் மேல்வரை இடைவெளியில்லாமல் கம்பிவலை அடித்து, ஒவ்வொன்றையும் ஒவ்வொரு பக்கத்தில் விட்டு, நாளுக்கு இரண்டு மூன்று தடவை பக்கம் மாற்றுங்கள். ஒன்றின் படுக்கையில் மற்றது உறங்க உறங்க வாசனை கலக்கும். ஒன்று அல்லது இரண்டு கிழமைகளில் இரண்டும் வலையோரமாக ஒட்டிப் படுக்கத் தொடங்கினால், இருவருக்கும் புதிதான ஒரு சிறிய பெட்டியில் சேர்த்து, வேறு வேலையில்லாத நாளொன்றில் அருகிலேயே இருந்து கவனியுங்கள். முன்கால்களால் குத்துச்சண்டை போடுவது பெரும்பாலும் விளையாட்டு. இரண்டும் உருண்டையாகப் பின்னிப் புரண்டால் அது சண்டை. நடுவில் கையைக் கொடுக்காமல் தடித்த துவாயைப் போட்டுப் பிரித்து, மீண்டும் வலையிலிருந்து தொடங்குங்கள்.