மூணு வாரமா சாப்பிடல, ராத்திரி பூரா சுத்திகிட்டே இருக்கு

கேள்வி: என்கிட்ட ஒன்றரை வயசு ஆண் பால் பைத்தான் (ball python, பந்து மாதிரி சுருண்டுக்குற சின்ன மலைப்பாம்பு) இருக்கு டாக்டர். போன மாசம்தான் பெரிய கண்ணாடி டேங்க்குக்கு மாத்தினேன். அதுலேருந்து மூணு வாரமா எலிய தொடவே மாட்டேங்குது, ராத்திரியானா கண்ணாடில மூக்க தேச்சுகிட்டு சுத்தி சுத்தி வருது. தினமும் எலிய காட்டி பாக்குறேன், முகத்த திருப்பிக்குது. ஏதாவது நோயா? பயமா இருக்கு.

பதில்: பயப்படாதீங்க. பாம்ப விட்டுட்டு மொதல்ல டேங்க்க பாருங்க. காட்டுல இந்த பாம்பு பகல் முழுக்க எலி வளையிலயும் கரையான் புத்துக்குள்ளயும் சுருண்டு கெடக்குற ஜாதி, அத நாலு பக்கமும் கண்ணாடியா இருக்குற பெரிய எடத்துல விட்டா ஒளிய எடம் தேடி அலையத்தான் செய்யும், அலையுற பாம்புக்கு எங்கேருந்து பசிக்கும் சொல்லுங்க. மூணு பக்கம் கண்ணாடிய அட்டையோ துணியோ வச்சு மறைச்சிடுங்க. சூடான பக்கம் ஒண்ணு, குளிர்ந்த பக்கம் ஒண்ணுன்னு ரெண்டு மறைவிடம் வைங்க. பெருசா வேணாம், சுருண்டு படுத்தா ஒடம்பு சுவத்துல ஒட்டணும், அப்பதான் அதுக்கு நிம்மதி.

அடுத்தது சூடு, பல பேரு கோட்ட விடுறது இங்கதான். சூடான பக்கம் 31லேருந்து 33 டிகிரி, குளிர்ந்த பக்கம் 25லேருந்து 27 டிகிரி செல்சியஸ் இருக்கணும். கண்ணாடில ஒட்டுற வட்ட மீட்டர நம்பாதீங்க, அது காட்டுறது கண்ணாடியோட சூட்ட, பாம்பு படுக்குற எடத்தோடத இல்ல. ஒயரு வச்ச டிஜிட்டல் மீட்டர அது படுக்குற எடத்துலயே வச்சு பாருங்க. சூடு கொறஞ்சா தின்னது செரிக்காது, அதனால திங்கவே மாட்டேங்கும். ஹீட்டர் இருந்தா தெர்மோஸ்டாட் (சூடு ஏறுனா ஹீட்டர தானா நிறுத்துற கருவி) கட்டாயம், இல்லன்னா வயிறு வெந்துடும்.

தினமும் எலிய காட்டுறத இன்னைக்கே நிறுத்துங்க. டேங்க்க சரி பண்ணிட்டு ஒரு வாரம் பத்து நாள் கையில எடுக்காம விடுங்க, தண்ணி மட்டும் மாத்துங்க. அப்புறம் ராத்திரில, பாம்போட தடிமனான பாகத்த விட பெருசா இல்லாத, ஃப்ரீசர்ல வச்ச செத்த எலிய, ஐஸ் விட்டு நல்லா வெதுவெதுப்பா ஆனதும் இடுக்கில புடிச்சு காட்டுங்க. பாம்பு திங்கலன்னா எலிய வெளிய எடுத்துடுங்க, திரும்ப ஒரு வாரம் கழிச்சுதான். உயிரோட எலிய உள்ள விட்டுட்டு மட்டும் போயிடாதீங்க, பசிக்காத பாம்ப அது கடிச்சு சதைய பிச்சிடும்.

கண்ணு நீலம் பூத்தாப்ல மங்கலா இருந்தா தோல் உரிக்க போகுதுன்னு அர்த்தம், உரிச்சு முடிக்கிற வரைக்கும் பெரும்பாலும் திங்காது, ஈரப்பதத்த கொஞ்சம் கூட்டுனா போதும். அதோட உங்களுது ஆண், இனப்பெருக்க சீசன்ல ஆண் பாம்பு மாசக்கணக்குல கூட சாப்பிடாம அலையும்.

வாரம் ஒரு தடவ கிச்சன் தராசுல எடை போட்டு எழுதி வைங்க. எடை அப்படியே இருந்தா பொறுமையா இருக்கலாம். பத்துல ஒரு பங்கு எடை போயிடுச்சு, இல்ல வாய தொறந்து மூச்சு விடுது, மூக்குல நுரை வருது, கண்ண சுத்தி கருப்பா பொடிப்பொடியா உண்ணி தெரியுது, தண்ணி கிண்ணத்துலயே கெடக்குதுன்னா ஊர்வன பாக்க தெரிஞ்ச கால்நடை டாக்டர்கிட்ட ஒடனே தூக்கிட்டு போங்க. போகும்போது அந்த எடை நோட்டையும், டேங்க்கோட ஒரு போட்டோவையும் கொண்டு போங்க, அவர் மொத கேக்குறது அதத்தான்.