மேனேஜ்மென்ட் சீட்டு வேண்டாம் சார், ஜி.என்.எம். போதும்

போன வாரம் வேலூர்ப் பக்கமிருந்து ஒரு குடும்பம் படிப்பு ஆலோசனை கேட்டு என்னைப் பார்க்க வந்தது. ஓய்வு பெற்ற ஹவில்தார் அப்பா, 24 வயது மகள், அவள் மடியில் இரண்டரை வயதுப் பையன். மருமகனும் ராணுவத்தில்தான், நாயக். இரண்டு வருடம் பதான்கோட்டில் குடும்பக் குவார்ட்டர்ஸில் ஒன்றாக இருந்திருக்கிறார்கள். இப்போது யூனிட் ஃபீல்டுக்கு, அதாவது குடும்பத்தைக் கூட்டிப்போக முடியாத எல்லைப் பக்கம் போகிறது, பெண் அப்பா வீட்டுக்கு வந்துவிட்டாள். பிளஸ் டூவில் சயின்ஸ் குரூப், அப்புறம் பி.ஏ. ஆங்கிலம், உடனே கல்யாணம். நர்சிங் படிக்க ஆசை என்கிறாள்.

"இந்த வயசில், குழந்தையை வச்சுக்கிட்டு, ஊர் ஊரா மாறுற குடும்பத்துக்கு இதெல்லாம் சரிப்படுமா சார்?" என்று அப்பா கேட்டார். சரிப்படும், கவலைப்படாதீர்கள் என்று வழக்கம்போல ஆறுதலாகத் தொடங்கினேன். அவர் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். அதோடு என் ஆறுதல் முடிந்தது.

அந்தத் தாளில் சித்தப்பாவின் கையெழுத்தில் ஒரு கணக்கு இருந்தது. ஒரு தனியார் கல்லூரியில் பி.எஸ்சி. நர்சிங், மேனேஜ்மென்ட் சீட்டு, "பேசி வைத்தாயிற்று". வருடத்துக்கு 1,20,000 கட்டணம், 60,000 ஹாஸ்டல். நான்கு வருடத்துக்கு 7,20,000 ரூபாய். பாதி அப்பாவின் டெபாசிட்டிலிருந்து. மீதி மருமகனின் ஏ.எஃப்.பி.பி. ஃபண்டிலிருந்து, அதாவது ராணுவ வீரரின் வருங்கால வைப்பு நிதியிலிருந்து. இதற்கு அத்தை வீட்டில் எதிர்ப்பு. "நர்ஸ் வேலையெல்லாம் நம்ம குடும்பத்துக்கு எதுக்கு? பி.எட். படிச்சா ஆர்மி ஸ்கூல்ல டீச்சர், மரியாதையான வேலை" என்கிறாராம்.

பி.எட்.டை முதலில் முடித்துவிடுவோம். எந்தக் கன்டோன்மென்ட்டிலும் பி.எட். முடித்த மனைவிமார் நிறையப் பேர் இருப்பார்கள். ஆர்மி பப்ளிக் ஸ்கூலில் இடம் காலியாக வேண்டும், தகுதித் தேர்வு எழுத வேண்டும், கிடைப்பது பெரும்பாலும் தற்காலிக வேலை, அடுத்த போஸ்டிங்கில் மறுபடி வரிசையில் நிற்க வேண்டும். விருப்பப்பட்டுப் படிக்கிறவர்களுக்கு அது நல்ல படிப்பு. இந்தப் பெண்ணுக்கு அதில் விருப்பமில்லை.

அவள் விருப்பம் எதில் என்று அவளையே கேட்டேன். மாமியாருக்குச் சர்க்கரை நோயில் காலில் புண், நாற்பது நாள் ஆஸ்பத்திரியில் கூடவே இருந்திருக்கிறாள். "காஸ் துணி புண்ணோட ஒட்டிக்கிட்டா அப்படியே இழுக்கக் கூடாது சார். சலைன் ஊத்தி ஊறவச்சு ஓரத்திலிருந்து மெதுவா எடுக்கணும். இல்லைன்னா புதுசா வந்த தோலும் சேர்ந்து வந்துடும்." சொல்லும்போது அவள் கை காற்றிலேயே அந்தக் கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தது. அப்பா முகத்தைச் சுளித்தார், அவள் சுளிக்கவில்லை. எனக்கு வேறு அத்தாட்சி தேவைப்படவில்லை.

அப்பாவுக்கு இன்னொரு கனவும் இருந்தது. "மிலிட்டரி ஹாஸ்பிடல்ல நர்ஸ் மேடம்லாம் லெப்டினன்ட், மேஜர்னு இருப்பாங்களே, அதில் சேர்த்துடலாமா?" ராணுவ நர்சிங் சேவையின் பி.எஸ்சி. படிப்பு புனே, கொல்கத்தா, மும்பை, டெல்லி, லக்னோ, பெங்களூரு ஆகிய ஆறு ஊர்களில் நடக்கிறது. 220 இடங்கள், நீட் மதிப்பெண் வழியாகச் சேர்க்கை. ஆனால் திருமணமாகாதவர்கள், விவாகரத்தானவர்கள், சட்டப்படி பிரிந்தவர்கள், பொறுப்புச் சுமையற்ற கைம்பெண்கள் மட்டுமே விண்ணப்பிக்கலாம். கணவரோடு வாழும் ஜவானின் மனைவிக்கு அந்தக் கதவு திறக்காது. (திருமணம் செய்துகொண்டதற்காக 1988-ல் இந்தச் சேவையிலிருந்து வெளியே அனுப்பப்பட்ட ஒரு பெண் அதிகாரிக்கு 60 லட்சம் ரூபாய் தர 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 36 வருடம் கழித்து! ஆனால் அது ஏற்கெனவே பணியில் இருந்தவரின் வழக்கு.) ராணுவ நலக் கல்விச் சங்கம் ஜலந்தரிலும் குவாஹாட்டியிலும் நடத்தும் நர்சிங் கல்லூரிகள் முதன்மையாக ராணுவத்தினரின் பிள்ளைகளுக்கானவை. அதையும் விட்டுவிடலாம்.

அரசு கவுன்சிலிங், வெளிநாட்டு வேலை பற்றியெல்லாம் எல்லாருக்கும் தெரியும், நான் சொல்ல வேண்டியதில்லை. கவுன்சிலிங்கில் அரசுக் கல்லூரி பி.எஸ்சி. இடமே கிடைத்தால் நான் வாயை மூடிக்கொள்கிறேன், கண்ணை மூடிக்கொண்டு சேரட்டும். கிடைக்காவிட்டால் மேனேஜ்மென்ட் சீட்டுக்குப் போகாதீர்கள். சொந்தக்காரர்கள் "வெறும் டிப்ளமோ" என்று ஒதுக்கும் ஜி.என்.எம்.மைப் பாருங்கள்.

ஜி.என்.எம். (ஜெனரல் நர்சிங் அண்ட் மிட்வைஃபரி, பொது நர்சிங்கும் மருத்துவச்சிப் பயிற்சியும் சேர்ந்த டிப்ளமோ) மூன்று வருடப் படிப்பு. முன்பு மூன்றரை வருடம் இருந்தது, 2015 பாடத்திட்டத்தில் குறைத்தார்கள். கடைசி ஆறு மாதம் இன்டர்ன்ஷிப். பிளஸ் டூவில் ஆங்கிலத்தோடு 40 சதவீதம் இருந்தால் போதும், சயின்ஸ் குரூப்புக்கு முன்னுரிமை. வயது வரம்பு 35. முடித்தால் பதிவு பெற்ற நர்ஸ், பதிவு பெற்ற மருத்துவச்சி என்று இரண்டு தகுதியும் சேர்ந்து வரும், பி.எஸ்சி. முடித்தவருக்கு வருவது போலவே. ஜி.என்.எம்.மை நிறுத்தப்போகிறார்கள் என்று பல வருடமாக ஒரு பேச்சு ஓடுகிறது, சித்தப்பாவும் அதைத்தான் பிடித்துக்கொண்டார். சேர்க்கை நடந்துகொண்டுதான் இருக்கிறது.

ராணுவக் குடும்பத்துக்கு ஏன் மூன்று வருடம் முக்கியம்? நர்சிங்கில் பாதியில் கல்லூரி மாறுவது நடைமுறையில் முடியாத காரியம். இத்தனை மணி நேரம் வார்டில், இத்தனை பிரசவம் பார்த்ததற்குக் கையெழுத்து என்று எல்லாம் அந்தந்தக் கல்லூரிக் கணக்கில் ஏறும். அதனால் கணவர் போகும் ஊரையெல்லாம் துரத்திக்கொண்டு படிக்க முடியாது, ஒரே இடத்தில் உட்கார்ந்துதான் படிக்க வேண்டும். ஃபீல்டு போஸ்டிங் பெரும்பாலும் இரண்டு மூன்று வருடம். எப்படியும் பிரிந்து இருக்க வேண்டிய காலம் அது. அந்தக் காலத்துக்குள் ஏறத்தாழ அடங்குவது ஜி.என்.எம்.தான். நான்காவது வருடம் வந்தால், கணவர் குடும்பத்தோடு இருக்கக்கூடிய பீஸ் ஸ்டேஷனுக்கு வந்து குவார்ட்டர்ஸ் கிடைத்த பிறகும் இவள் ஹாஸ்டலில் இருப்பாள். அந்த ஒரு வருடத்தில் படிப்பையே விட்டுவிட்ட பெண்களைப் பார்த்திருக்கிறேன்.

"ஆனா டிகிரி டிகிரிதானே சார்?" சரி, டிகிரியும் வரும். ஜி.என்.எம். முடித்தவர் பிறகு இரண்டு வருட போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. படிக்கலாம். கூட்டினால் ஐந்து வருடம், நேரடி பி.எஸ்சி.யை விட ஒரு வருடம் அதிகம். மறைக்கவில்லை. ஆனால் நடுவில் இறங்கி, சம்பாதித்து, குழந்தையைப் பள்ளியில் சேர்த்து, தோதான ஊருக்குப் போஸ்டிங் வரும்போது மறுபடி ஏறிக்கொள்ளலாம்.

மத்திய அரசு வேலைக்கும் வழி அடைபடாது. எய்ம்ஸ் மருத்துவமனைகளுக்கு ஆள் எடுக்கும் நார்செட் தேர்வை, ஜி.என்.எம். முடித்து 50 படுக்கைக்குக் குறையாத மருத்துவமனையில் இரண்டு வருடம் வேலை பார்த்தவர்கள் எழுதலாம். அடிப்படைச் சம்பளம் 44,900 ரூபாய். வயது வரம்பு 30, ஓ.பி.சி.க்கு மூன்று வருடம் கூடுதல். இந்தப் பெண் 27-ல் படிப்பை முடிப்பாள், 29-ல் இரண்டு வருட அனுபவம் கையில் இருக்கும். வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறதே என்று பத்துப் படுக்கை கிளினிக்கில் சேர்ந்தால் அந்த அனுபவம் இதற்குச் செல்லாது, அதையும் அவளிடம் அழுத்திச் சொன்னேன். கணவன், மனைவி இருவரும் அரசுப் பணியில் இருந்தால் கூடியவரை ஒரே ஊரில் வைக்க வேண்டும் என்று மத்திய பணியாளர் துறையின் 2009 சுற்றறிக்கை ஒன்று இருக்கிறது. அதை உரிமையாக நினைக்காதீர்கள், கேட்டுப் பார்ப்பதற்கு ஒரு காகிதம், அவ்வளவுதான்.

மத்திய அரசு வேலை கிடைக்காவிட்டாலும், ராணுவ ஊர்களில் ஜி.என்.எம். கையில் இருப்பவருக்குக் கதவுகள் உண்டு. முன்னாள் படைவீரர்களுக்காக 2003-ல் தொடங்கிய இ.சி.எச்.எஸ். பாலிகிளினிக்குகள் ஒப்பந்தத்தில் நர்சிங் அசிஸ்டென்ட் எடுக்கின்றன. அதற்குக் கேட்கும் படிப்பே ஜி.என்.எம். அல்லது ராணுவத்தின் முதல் வகுப்பு நர்சிங் அசிஸ்டென்ட் பயிற்சி. கேந்திரிய வித்யாலயாக்களும் ஒப்பந்தத்தில் நர்ஸ் எடுக்கின்றன. நிரந்தர வேலை இல்லைதான், ஆனால் இரண்டு வருடம் மட்டும் தங்கும் குடும்பத்துக்கு ஒப்பந்த வேலை ஒன்றும் குறைவில்லை.

இப்போது பணத்துக்கு வருகிறேன். 2016-ல் உச்ச நீதிமன்ற உத்தரவின் பேரில் அமைந்த நிபுணர் குழு, 50 படுக்கைக்குக் குறைந்த தனியார் மருத்துவமனையில்கூட நர்ஸின் மாதச் சம்பளம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்றது. சிறிய ஊர்களில் இன்றும் அதை விடக் குறைவாகத் தருகிறார்கள். அந்த 20,000-மே முழுசாகக் கிடைப்பதாக வைத்துக்கொண்டாலும், சித்தப்பாவின் 7,20,000 என்பது 36 மாதச் சம்பளம், ஒரு டீகூடக் குடிக்காமல். தனியார் மருத்துவமனையில் தொடக்கத்தில் பி.எஸ்சி.க்கும் ஜி.என்.எம்.முக்கும் பெரிய வித்தியாசம் பார்ப்பதும் இல்லை. அவர்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் போய்வரும் தூரத்தில் உள்ள நர்சிங் பள்ளியில் ஜி.என்.எம்.முக்கு வருடம் 50,000 கேட்கிறார்கள். ஹாஸ்டல் வேண்டாம், ராத்திரி பிள்ளையோடு தூங்கலாம். அரசு நர்சிங் பள்ளியில் கிடைத்தால் இந்தச் செலவும் பெரும்பாலும் இல்லை, மாத உதவித்தொகையும் உண்டு.

மருமகனின் ஃபண்டில் கை வைக்கக் கூடாது என்று நேராகவே சொல்லிவிட்டேன். எல்லையில் நிற்கிறவருடைய சேமிப்பு அது. அவரிடம் கேட்காமலேயே சித்தப்பா தாளில் எழுதியிருக்கிறார் என்பது பேச்சுவாக்கில்தான் தெரியவந்தது.

பள்ளியை எப்படித் தேர்ந்தெடுப்பது? இந்திய நர்சிங் கவுன்சிலின் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மாநில அனுமதி மட்டும் உள்ள பள்ளியில் படித்துவிட்டு வேறு மாநிலத்துக்குப் போனால் பதிவுக்கு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். உள்ளூரிலேயே இருக்கப்போகிறவருக்கு இது சின்ன விஷயம், ராணுவக் குடும்பத்துக்கு இதுதான் பெரிய விஷயம். அப்புறம் ஒரு நாள் காலை ஏழு மணிக்கு அந்தப் பள்ளி வாசலில் போய் நில்லுங்கள். மாணவிகளை ஏற்றிக்கொண்டு பஸ் எந்த ஆஸ்பத்திரிக்குப் போகிறது, அங்கே நோயாளிகள் இருக்கிறார்களா என்று பாருங்கள். "வீட்டிலிருந்தே நர்சிங்", "ஆறு மாத நர்சிங்" என்று வருகிற எதற்கும் பணம் கட்டாதீர்கள். அதை வைத்துக் கவுன்சிலில் பதிவு செய்ய முடியாது.

படிப்பு முடிந்ததும் சென்னையில் உள்ள தமிழ்நாடு நர்ஸுகள் மற்றும் மருத்துவச்சிகள் கவுன்சிலில் பதிவு. கூடவே இந்திய நர்சிங் கவுன்சிலின் தேசியப் பதிவேட்டில் சேர்ந்து தனி அடையாள எண். கணவருக்குப் பஞ்சாபுக்கோ மகாராஷ்டிரத்துக்கோ ஆர்டர் வந்தால், தமிழ்நாடு கவுன்சிலிடம் தடையில்லாச் சான்று வாங்கி அந்த மாநிலக் கவுன்சிலில் பதிவு செய்ய வேண்டும். அதற்கு நாள் பிடிக்கும். ஆர்டர் கையில் வந்த வாரமே விண்ணப்பியுங்கள், குவார்ட்டர்ஸில் சாமான் இறக்கிய பிறகு அல்ல.

பெயர் விஷயத்தில்தான் நம் ஊர்ப் பெண்கள் அதிகம் மாட்டுகிறார்கள். இந்தப் பெண்ணுக்கும் பிளஸ் டூ மார்க் ஷீட்டில் அப்பாவின் இனிஷியல், ஆதாரில் கணவரின் இனிஷியல். கணவரின் பணிப் பதிவேட்டில் இனிஷியலை விரித்துக் கணவரின் முழுப் பெயரையே இவள் பெயருக்குப் பின்னால் ஒட்டியிருக்கிறார்கள். ஒரே ஆள், மூன்று பெயர். வடக்கே ஒரு கவுன்சில் அலுவலகத்தில் போய் இனிஷியல் என்றால் என்ன என்று விளக்கிப் பாருங்கள், தெரியும். சேர்க்கைக்கு முன்பே எல்லாவற்றையும் பள்ளிச் சான்றிதழில் உள்ள பெயருக்குக் கொண்டுவரச் சொன்னேன்.

ஒரிஜினல் சான்றிதழ்களை எந்த மருத்துவமனையிடமும் கொடுக்கக் கூடாது, பாண்டு எழுதவும் கூடாது. போஸ்டிங் ஆர்டர் வந்த பிறகு சான்றிதழுக்காக நிர்வாகத்தின் காலில் விழுந்துகொண்டிருக்க முடியாது. இன்னொன்று, மாற்றல் சமயத்தில் அவற்றை அந்தக் கறுப்பு டிரங்குப் பெட்டியில் போடாதீர்கள். வெள்ளை பெயின்டில் நம்பரும் பெயரும் எழுதி லாரியில் ஏறுமே, அதேதான். என்னிடம் வந்த ஒரு பெண்ணின் டிரான்ஸ்கிரிப்ட் மழையில் நனைந்து பெட்டியின் அடியில் அப்பளமாக ஒட்டிக்கொண்டது. கைப்பையில் வையுங்கள்.

கிளம்பும்போது அப்பா அந்தத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார், கிழிக்கவில்லை. "தம்பி கோச்சுக்குவானே சார்" என்றார். கோபித்துக்கொள்ளட்டும் என்றேன். புதன்கிழமை மறுபடி வருகிறார்கள். பிளஸ் டூ மார்க் ஷீட், ஆதார், திருமணப் பதிவுச் சான்று எல்லாம் எடுத்துவரச் சொல்லியிருக்கிறேன். மருமகனுக்கு சிக்னல் கிடைக்கும் நேரமாகப் பார்த்து வரச் சொன்னேன், அவரிடமும் பேச வேண்டும். சித்தப்பாவைக் கூட்டிவர வேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறேன்.