மழைக்கு முன் கூரை ஓரத் தகரக் கால்வாயை நாமே சுத்தம் செய்யலாமா?

கேட்டிருப்பது: வேலூரில் பழைய வீடு, முன்பக்கம் ஓடு, பின்பக்கம் ஆஸ்பெஸ்டாஸ் சீட். இரண்டின் ஓரத்திலும் இருக்கும் தகரக் கட்டரை (மழைநீர்க் கால்வாயை)ப் பாதுகாப்பாகச் சுத்தம் செய்வது எப்படி?

தாராளமாகச் செய்யலாம். ஆனால் ஏணியில் நின்றபடிதான், கூரைமேல் ஏறி அல்ல. "ஒரு ஆளை சீட் மேல ஏத்தி விடுங்க, அரை மணி நேர வேலை" என்று இங்கே ஏற்கெனவே பதில் வந்திருக்கிறது. தயவுசெய்து அதைக் கேட்காதீர்கள். வருஷக்கணக்கில் வெயிலில் கிடந்த ஆஸ்பெஸ்டாஸ் எந்த அறிகுறியும் காட்டாமல், கால் வைத்ததும் ஆளோடு உள்ளே இறங்கிவிடும். சீட்டை அடியிலுள்ள கட்டையோடு பிணைக்கும் கொக்கி ஆணியான ஜே போல்ட் வரிசையில் மிதித்தால் தாங்கும் என்பார்கள். அந்தக் கட்டை மட்கியிருந்தால் தாங்காது, ஒரு சாண் தள்ளி மிதித்தாலும் தாங்காது. கூலி வாங்கிக்கொண்டு ஏறுகிறவருக்கும் அதே உயிர்தான்.

நம் பக்கம் வேம்பும் புங்கனும் இலை கொட்டுவது மாசி, பங்குனியில். அந்தச் சருகோடு ஆடிக் காற்றின் புழுதியும் சேர்ந்து, ஆகஸ்ட், செப்டம்பர் சாயங்கால மழையில் ஊறிச் சேறாகிவிடும். வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20-ஐ ஒட்டித் தொடங்கும். ஆகவே புரட்டாசிக் கடைசியில், இரண்டு நாள் மழை விட்டபிறகு, காலை வெயில் ஏறுவதற்குள் செய்யுங்கள்.

தாழ்வாரம் 8, 9 அடிதான் என்றால் இரட்டைக்கால் ஏணியே போதும். மேல் இரண்டு படியில் நிற்க வேண்டாம். சாய்ப்பு ஏணியானால் 12 அடி உயரத்துக்கு அடிப்பாகம் சுவரிலிருந்து 3 அடி தள்ளி இருக்கணும். கட்டர்மேல் சாய்க்கவே கூடாது, தகரம் நசுங்கி ஏணி பக்கவாட்டில் வழுக்கும். சுவரிலோ தூணிலோதான் சாய்க்கணும். கீழே ஒருவர் பிடித்தே ஆகணும். கை எட்டாத இடத்துக்கு உடம்பை வளைக்காமல், இறங்கி ஏணியை நகர்த்துங்கள். இது சலிப்பான வேலைதான், ஆனால் விழுகிறவர்கள் பெரும்பாலும் "இன்னும் ஒரு சாண்" என்று எட்டும்போதுதான் விழுகிறார்கள். கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் மின்கம்பி அந்தப் பக்கம் போனால் அலுமினிய ஏணி வேண்டாம். வீட்டு மெயினை அணைத்தாலும் அந்தக் கம்பியில் கரண்ட் இருக்கும்.

முதலில் இறங்கு குழாயின் வாயில் பழந்துணியைத் திணியுங்கள். இதை விட்டுவிட்டுத்தான் பலர் மேலே இருந்த அடைப்பைக் குழாய்க்குள் அனுப்பிவிடுகிறார்கள். பிறகு தடித்த ரப்பர் கையுறையோடு, 5 லிட்டர் எண்ணெய் கேனைச் சாய்வாக வெட்டிய முகவையால் அள்ளுங்கள். வெறுங்கை வேண்டாம், சருகுக்குள் தேளும் பூரானும் இருக்கும். கொத்தனார் கரண்டியும் வேண்டாம், துத்தநாகப் பூச்சு கீறி அங்கேதான் துரு பிடிக்கும். சீட்டிலிருந்து உதிர்ந்த தூளை நனைத்து அள்ளுங்கள், காய்ந்தபடி பெருக்கினால் நார் மூச்சில் போகும். அள்ளியதை வீசாமல் வாளியில் கட்டி இறக்குங்கள். 6 அங்குல அகலம், 5 அங்குல ஆழம், 20 அடி நீளமுள்ள கட்டர் நிறைந்தால் தண்ணீர் மட்டுமே 115 கிலோவுக்கு மேல். ஈரச்சேறு இன்னும் கனம். கட்டரைத் தாங்கும் கிளாம்பு பிடுங்கிக்கொண்டு வருவது அதனால்தான்.

துணியை எடுத்துவிட்டு, எதிர்முனையிலிருந்து இரண்டு வாளி தண்ணீர் ஊற்றுங்கள். நடுவில் தேங்கினால் அங்கே தகரம் தொய்ந்திருக்கிறது. 10 அடிக்கு ஓர் அங்குலம் சரிவு வரும்படி கிளாம்பை ஏற்றி மாட்டணும். தேங்கிய நீரில் டெங்கு கொசு வளர ஒரு வாரம், பத்து நாள் போதும். குழாய் அடைத்திருந்தால் கீழே குழாய் வளையும் எல்போ துண்டைக் கழற்றி, கீழிருந்து மேலாக ஹோஸைச் செலுத்துங்கள். ஆசிட் ஊற்றினால் சருகு கரையாது, தகரம்தான் ஓட்டையாகும். இணைப்பில் அரசங்கன்று முளைத்திருந்தால் வேரோடு எடுக்கணும், வெட்டிவிட்டால் மறுபடி துளிர்க்கும். குழாய் வாய்க்குக் குமிழ் மாதிரி கம்பி வலை போடுங்கள். தட்டை ஜாலிமேல் நாலு இலை படிந்தாலே மூடிக்கொள்ளும்.

இன்னொன்று, கேட்காவிட்டாலும் சொல்லியாகணும். பழைய தார்ச் சாலையைச் சுரண்டாமல் மேலேயே புதுசு போட்டுப் போட்டு, தெரு வீட்டு வாசலைவிட உயர்ந்துவிட்டது. குழாயின் கீழ்வாய் தெருவைப் பார்த்திருந்தால் மழையில் அது தண்ணீருக்குள் முங்கும். மேலே எவ்வளவு சுத்தம் செய்தும் பயனில்லை. உங்கள் வீட்டில் அப்படி இருந்தால் அந்த வாயை வீட்டு மழைநீர்க் குழிக்குத் திருப்புங்கள். 1,000 சதுர அடிக் கூரையில் 1 செ.மீ. மழைக்கே 900 லிட்டருக்கு மேல் இறங்கும், குழியை அந்தக் கணக்கில் வெட்டுங்கள்.