மெட்டல் டிடெக்டரில் நாணயம் தேடும் வீடியோக்கள் நிஜமா, செட்டப்பா? நம்மூரில் அப்படி எடுக்கலாமா?

ரெண்டும் உண்டு. ராத்திரி சாப்பாடு முடிந்ததும் இங்கிலாந்துக்காரர்களின் வேட்டை வீடியோக்களைப் பார்ப்பது என் வழக்கம். பார்த்துப் பார்த்து இப்போது கண் காசுக்கு முன்னால் மண்ணுக்குத்தான் போகிறது.

நிஜமாக எடுப்பவர் கருவியின் சத்தத்தை நமக்கும் கேட்க விடுவார். இரும்பு ஆணிக்கு உறுமல், வெள்ளிக்குக் கீச்சென்று மேல் ஸ்தாயி, குளிர்பான டின்னின் மூடி வளையத்துக்கு இரண்டுக்கும் நடுவில். (தங்க மோதிரமும் பல சமயம் அந்த நடு ஸ்தாயியில்தான் கத்தும். குப்பையாக இருக்கும் என்று தெரிந்தே தோண்டுவது அதனால்தான்.) ஹெட்போனில் தான் மட்டும் கேட்டுக்கொண்டு நமக்குப் பின்னணி இசை போடுபவர் மேல் எனக்கு அவ்வளவு நம்பிக்கை கிடையாது.

அடுத்து குழி. புல்லை மூன்று பக்கம் வெட்டி மூடி மாதிரி புரட்டுவார்கள். மண்சுவரில் காசின் விளிம்பு மட்டும் எட்டிப் பார்க்கும். எடுத்த பிறகு அது இருந்த தடம் மண்ணில் அப்படியே பதிந்திருக்கும்; நான் தேடும் சாட்சி அதுதான். செட்டப் குழியில் மண் பொலபொலவென்று உதிரும். ஒரு வீடியோ முழுக்க ஒரு துருப்பிடித்த ஆணிகூட வரவில்லையென்றால் மூடிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவேன். கிடைத்த காசையே திரும்பப் புதைத்து கேமராவுக்காக இன்னொரு தடவை எடுப்பவர்களும் உண்டு. அதைச் சொல்லிவிட்டுச் செய்தால் எனக்கு ஆட்சேபணை இல்லை.

குவியலாகக் காசு தெரிந்ததும் இரண்டு கையாலும் அள்ளும் வீடியோக்கள் நிஜமாகவே இருந்தாலும் பிடிக்காது. 2010இல் இங்கிலாந்தின் சாமர்செட் பகுதியில் ஃப்ரோம் ஊருக்குப் பக்கத்தில் டேவ் கிரிஸ்ப் என்பவருக்கு ரோமானியக் காசுப் பானை ஒன்று கிடைத்தது. அவர் தோண்டுவதை அப்படியே நிறுத்திவிட்டு தொல்லியலாளர்களுக்குச் சொல்லி அனுப்பினார். அவர்கள் அடுக்கடுக்காக எடுத்தார்கள். மொத்தம் 52,503 காசுகள், சுமார் 160 கிலோ. ரோமிலிருந்து பிரிந்து பிரிட்டனை ஆண்ட காராசியஸின் காசுகள்தான் அதில் கடைசிக் காலத்தவை. கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்த உண்டியலாக இருந்தால் அவை மேலே அல்லவா இருக்க வேண்டும்? நன்றாகக் கீழே கிடந்தன. அதனால் மொத்தத்தையும் ஒரே சமயத்தில் கொட்டியிருக்கிறார்கள் என்று முடிவுக்கு வந்தார்கள். டேவ் கிரிஸ்ப் அன்றைக்கே கையால் அள்ளியிருந்தால் இது யாருக்கும் தெரிந்திருக்காது.

இங்கிலாந்தில் தேட நிலக்காரரின் அனுமதி வேண்டும். 1996ஆம் வருஷச் சட்டப்படி, புதையல் கணக்கில் வருவதை 14 நாளுக்குள் கரோனரிடம் தெரிவிக்க வேண்டும். சந்தேக மரணங்களை விசாரிக்கிற அதே அதிகாரிதான்!

நம்மூரில் 1878ஆம் வருஷத்து இந்தியப் புதையல் சட்டம் இருக்கிறது. மண்ணுக்குள் கிடைத்த பொருள் பத்து ரூபாய் மதிப்பைத் தாண்டினாலே கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் சிறைக்கும் போகலாம். பாதுகாக்கப்பட்ட தொல்லியல் இடங்களில் மண்வெட்டியையே எடுக்கக் கூடாது. தெரிவிக்காமல் வீடியோ மட்டும் போட்டீர்களென்றால் இடம், காசு, உங்கள் முகம் மூன்றுக்கும் நீங்களே ஆதாரம் கொடுத்த மாதிரி.